ஐந்து பாத்திக்கு ஒரு ஜெபமாலை

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய தகரப் பூவாளி ஒன்று கிடக்கிறது. கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கும். அடியில் இரண்டு இடத்தில் பற்றவைத்த தழும்பு. பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "அத்தப் போட்டுடலாமே" என்பார். நான் காது கேளாதவள் மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவேன். அது என் மாமனாருடையது. அவரை நினைத்தால், அதிலிருந்து பாத்தியில் நீர் விழும் சத்தமும், கூடவே வரும் அவருடைய முணுமுணுப்பும்தான் முதலில் காதில் கேட்கும். முகம் அப்புறம்தான் வரும்.

நெல்லித்தோப்பில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற ஒரு சந்தின் கடைசியில் எங்கள் வீடு. அதன் பின்னால், எல்லோரும் கட்டி முடித்தபிறகும் மிச்சமாக நின்றது அவருடைய கீரைத் தோட்டம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிறந்தவர். பத்து வயதில் தன் அப்பாவோடு கூடை சுமந்து, கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரர் வீடுகளுக்கு முள்ளங்கியும் கீரையும் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டு ஐயாக்களைக் கூப்பிடுகிற 'முசே' என்ற மரியாதையை ஊர் இவருக்கே மாட்டிவிட்டது. கடைசிவரைக்கும் எங்கள் தெருவுக்கு அவர் 'கீரை முசே'தான். அதில் பாதி கிண்டல் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார்.

விடியற்காலைப் பூசைக்குக் கோவிலுக்குப் போய்வந்துதான் தோட்டத்தில் கால் வைப்பார். ஒவ்வொரு அறுப்பிலும் முதல் கட்டுக் கீரை, கோவில் முற்றத்தில் மாதா சுரூபம் நிற்கிற கெபிக்குப் போகும், அதன்பிறகுதான் மார்க்கெட்டுக்கு. இதெல்லாம் மற்ற பக்திமான்களும் செய்வதுதான். அவர் தண்ணீர் ஊற்றுகிற விதத்தை மட்டும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்வார். பூவாளியை முக்கியெடுத்து, ஒரு பாத்திக்கு, மாதாவுக்கான மங்கள வார்த்தை ஜெபம் பத்து சொல்லும் நேரம் ஊற்றுவார். பத்து முடிந்தால் அடுத்த பாத்தி. ஐந்து பாத்தி நனைந்தால் ஒரு ஜெபமாலை முடிந்தது. கையில் பூவாளி இருப்பதால் மணியை உருட்ட முடியாது, மாலை கழுத்தில் கிடக்கும், கணக்கு வாயில் இருக்கும். ஐம்பது வருஷம் ஒரு பாத்தியும் காய்ந்ததில்லை, அழுகியதுமில்லை என்று ஊரே சொல்லும். முளைக்கீரைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று யாராவது கேட்டால், "பத்து" என்பார். கேட்டவர் பத்து என்னவென்று புரியாமல் விழிப்பார்.

நான் பாகூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டார் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். இந்த வீட்டுக்கு வந்தபோது ஜெபம் ஒன்றும் தெரியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைப் பதிலாகச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பின்பாதி மட்டும் படிந்துவிட்டது. மாமனார் என்னை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. ஒரு நாள் நான் வாய்விட்டுப் பதில் சொன்னபோது திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் என் சமையலுக்கென்று இளசாகப் பறித்த சிறுகீரை அடுப்படி வாசலில் இருந்தது.

எண்பத்தைந்தைத் தாண்டியபிறகு மறதி வந்தது. மனிதர்களை மறக்கவில்லை, வழியை மறக்கவில்லை. எண்ணிக்கையை மறந்தார். ஆறு சொன்னோமா ஏழா என்று குழம்பினால் மாதாவுக்கு ஒன்று குறைத்துவிட்டதாகப் பயந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். பூவாளியும் கூடவே தொடங்கும். பாத்தி சொதசொதவென்று நிற்க, முளைத்த கீரை வேரழுகிச் சாய்ந்தது. அடுத்தடுத்து மூன்று விதைப்பு இப்படிப் போயிற்று. இருபது பாத்தி ஐந்தானது. பக்திதான் பயிரைத் தின்றது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வந்தது. "இந்த விதைப்பும் அழுவிப்போச்சின்னா தோட்டத்தப் பூட்டிடறேன்பா. நீங்க சேத்துல வழுக்கி விழுந்தா யாரு பாக்கறது?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாமனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "தோட்டம் இல்லன்னா நான் எங்க நின்னுடா ஜெபம் சொல்றது?" என்று கேட்டார். கெஞ்சுகிற குரல். அந்த மனிதர் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலையில் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் தோட்டத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முதல் பாதியைச் சொன்னார். நான் பின்பாதியைச் சொல்லி, முந்தானைக்குள் ஒரு விரலை மடக்கினேன். பத்து விரலும் மடங்கியதும், "ஆச்சு மாமா" என்றேன். அவர் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். இப்படிப் பன்னிரண்டு நாள். கீரை நாலு விரல் உயரம் நிமிர்ந்து நின்றது. என் வீட்டுக்காரரே எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் மாமனார், "இந்தத் தடவ முதல் கட்டு நீயே கெபில கொண்டு போய் வையிம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதின்மூன்றாம் நாள் கடையில் சரக்கு எடுத்து வைக்கிற வேலை. ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வேலை விஷயமாக முந்தின நாளே காலாப்பட்டுக்குப் போயிருந்தார். "மாமா, இன்னிக்கி ஒரு நாள் நீங்களே சொல்லிக்கிங்க. நான் மத்தியானம் வந்துடறேன்" என்றேன். "சரிம்மா, போ" என்றார். ஐம்பது வருஷம் தனியாகச் சொன்னவர்தானே. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

மத்தியானம் ஒன்றரைக்கு வந்தபோது வீடு திறந்தபடி கிடந்தது. தோட்டத்துக்கு ஓடினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி வழிந்து, முதல் பாத்தி குளமாகி, கீரை மிதந்தது. மற்ற நான்கு பாத்தியிலும் ஒரு சொட்டு ஈரமில்லை. அந்த வெயிலில் அவர் முதல் பாத்தியின் வரப்பிலேயே நின்றிருந்தார். முதல் பாதியைச் சொல்வார், நிறுத்துவார், காதைச் சாய்த்துக் காத்திருப்பார். பூவாளியைச் சாய்ப்பார். மறுபடி அதே முதல் பாதி. கைப்பிடி உரசி உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "எவ்ளோ நேரமா சொல்றேம்மா, பதில் வரலியே" என்றார்.

நான் சேற்றில் நின்றபடி அழுதுகொண்டே பின்பாதியைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "ஒண்ணு" என்றார். அப்படியே சரிந்தார்.

தனியாகச் சொன்னபோது அவருக்கு முழு ஜெபமும் வாயில் இருந்தது. நான் பக்கத்தில் நின்று அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டேன். பன்னிரண்டு நாளில் அது அவருக்குப் பழகிவிட்டது. இதை நான் என் வீட்டுக்காரரிடம் இன்றுவரை சொல்லவில்லை. மறதி முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். ஆஸ்பத்திரியில் எட்டு நாள். அந்த எட்டு நாளில் மிச்சப் பாத்திகளும் கருகின. பிறகு தோட்டக் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி எங்கே என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதற்குப்பின் இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்தார். வீட்டில் ராத்திரி ஜெபம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் வாய்தான் திறக்கவில்லை. யாருமில்லாத பகல்களில் அவர் காதருகே உட்கார்ந்து பின்பாதியைச் சொல்லிப் பார்ப்பேன். எங்கிருந்தாவது முதல் பாதி வரும் என்று காத்திருப்பேன். வரவில்லை. அவர் போன அன்று சுற்றி நின்றவர்கள் ஜெபமாலை சொன்னார்கள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தோட்டம் இப்போது பக்கத்து அடுக்குவீட்டுக்காரர்கள் வண்டி நிறுத்துகிற சிமெண்டுத் தரை. தோட்டத்தை அவர்களுக்கு விற்றபின் நாங்கள் மாடி எடுத்துக் கட்டி, கீழ் வீட்டை வாடகைக்கு விட்டோம். மொட்டைமாடியில் மண்தொட்டிகளில் நாலு கீரை விதைத்திருக்கிறேன், குவளையால்தான் ஊற்றுவேன். இன்று காலையில் என்னவோ தோன்றி, படிக்குக் கீழே கிடந்த பூவாளியைத் துடைத்து மேலே கொண்டுபோனேன். நிரப்பிச் சாய்த்ததும் பின்பாதி தானாக வாயில் வந்தது. அது முடிந்தது, மறுபடி அதுவே வந்தது. விரலை மடக்கவில்லை. பூவாளி காலியானால் கை தானாக நிரப்பிக்கொண்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தொட்டிகள் வழிந்து, தண்ணீர் மாடியைக் கடந்து குழாயில் இறங்கியிருக்கிறது. கீழ் வீட்டுப் பெண் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"யக்கா, தண்ணி எங்க வாசல்ல ஊத்துது. போதும்க்கா."

அந்த ஒரு 'போதும்' சொல்ல அன்றைக்கு அங்கே நான் இருந்திருக்க வேண்டும். பூவாளியைக் கீழே வைத்தேன். அதில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.