பட்டரில் உருக்கிய மருந்து

தொண்ணூறுகளின் கடைசியில் என் விரல் மூட்டுகள் இஞ்சிக்கிழங்குபோல வீங்கிக் கிடந்தன. முடக்குவாதம் என்றார் டொக்டர். கனடாவில், மிசிசாகாவில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டேன். குளிர்காலத்தில் என் கோட்டுக்குப் பொத்தான் பூட்டிவிட்டது கணவர்தான். வலிக்குத் தந்த குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கியதால் அவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, தன் வலிக்குக் கஞ்சாதான் உதவுகிறது என்றார். டொக்டரின் கடிதத்தோடு போனால் நகர மத்தியில் ஓரிடத்தில் நோயாளருக்குக் கொடுக்கிறார்களாம். சட்டம் இன்னும் அதை ஏற்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

கணவர் பதறிப்போனார்.

"கஞ்சாவோ? உமக்கென்ன விசரே? பொலிஸ் பிடிச்சா?"

"பிடிக்கட்டும். இந்த வீங்கின கைக்கு அளவான விலங்கு அவையிட்ட இருக்கோ எண்டு பாப்பம்."

சிரித்துவிட்டார். டொக்டர் தயங்கித் தயங்கித்தான் கடிதம் தந்தார். அடுத்த கிழமை கணவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

புகை எனக்கு ஒத்துவரவில்லை, ஒரே இருமல். அவர் கஞ்சாவைப் பட்டரில் இளஞ்சூட்டில் உருக்கி, வடித்து, பாணில் பூசித் தந்தார். முதல் நாள் அளவு கூடிவிட்டது. பின்னேரம் முழுக்க டீவியில் வானிலை அறிக்கையைப் பார்த்து நான் சிரிக்க, அவர் பயந்துபோய் என் நாடியைப் பிடித்தபடி இருந்தார். பிறகு நுனிக்கரண்டி அளவே போதும் என்று கண்டுகொண்டோம். வீக்கம் போகவில்லை. ஆனால் வலி தணிந்தது, விடியும்வரை உறங்கினேன். ஒரு காலை, நானே தலை பின்னிக்கொண்டு, அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தேன்.

"ஆர் பின்னினது?"

"நான்தான்."

அவர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

அதற்குள் தலைநகர் ஒட்டாவாவில் அரசிடம் நோயாளர் கஞ்சாவுக்கு அனுமதி கேட்க வழி பிறந்திருந்தது. இம்முறை டொக்டர் என் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார், தயங்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். பல மாதம் காத்திருந்தபின் அனுமதிக் கடிதம் வந்தது.

அந்த ஞாயிறு மச்சாளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நான் கஞ்சா அடிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கணவரின் தமக்கை. அவ முன்னாலேயே இடியப்ப உரலைப் பிடித்துப் பிழிந்தேன், பதினாறு தட்டு. கணவர் கடிதத்தை உரத்து வாசித்தார்.

மச்சாள் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு மெல்லக் கேட்டா: "உந்தப் பட்டர் முழங்கால் நோவுக்கும் கேக்குமோ?"

"முதல்ல டொக்டரைக் கேளுங்கோ, மச்சாள்," என்று சொல்லி, சூடாக இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தேன்.