பிள்ளைகள் கூட்ட வந்த முற்றம்

தனியாக இருக்கும் வயதானவர்களின் முற்றத்தைக் கூட்டிக் கொடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு பாடமாம். அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கும் வருவதாக ஆசிரியை சொல்லிவிட்டுப் போனார். என் குப்பையை ஊரார் பிள்ளைகள் அள்ளுவதா? விடியவே எழும்பி, வேலிவரை நானே கூட்டிவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

கூட்டுவதற்குத் தும்புத்தடிகளோடு ஆசிரியையின் பின்னால் வந்த பிள்ளைகள் முற்றத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"இஞ்ச ஒரு வேலையும் இல்லை, போங்கோ பிள்ளையள்," என்றேன்.

வழியனுப்ப எழும்பப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அசைய முடியவில்லை.

"மிஸ், பாடக் கொப்பியில அம்மம்மாவைத் தூக்கிவிட்டதெண்டு எழுதலாமோ?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் கைகொடுத்து என்னை நிமிர்த்தினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"தண்ணி அள்ளித் தரட்டோ, அம்மம்மா?" என்று அவளே மெதுவாகக் கேட்டாள்.

ஓம் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.