என் வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க மறுத்த தயாளன் அண்ணா

செகந்திராபாத் மாரெட்பள்ளி ஜெராக்ஸ் கடை தயாளன் அண்ணா இன்று விடியற்காலையில் போய்விட்டார். ஹார்ட் அட்டாக்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தபோது பேகம்பேட் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் ஏரியாவில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. ஆதார், பான் எதைக் கொடுத்தாலும் காப்பி எடுத்ததும் கையில் தரமாட்டார். பேனாவை நீட்டுவார்.

"எதுக்கு, யாருக்குன்னு குறுக்கால எழுதி சைன் போடுங்க. அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

பின்னால் ஐந்து பேர் நின்றாலும் இதே கதைதான். ஒருமுறை கடுப்பாகி, "பக்கத்துத் தெருவுல புதுசா ஒரு கடை வந்திருக்கு, தெரியுமா அண்ணா?" என்றேன். "ஹவ்... ஆமா, தெரியும். அங்க கலர் பிரிண்ட்கூட நல்லா வரும், போங்க" என்றார்.

போகவில்லை. இந்த ஊரில் தமிழில் சண்டை போட எனக்கிருந்த ஒரே கடை அது...

இனி சொல்லப்போவது என் வீட்டுக்காரரையும் அண்ணா வீட்டையும் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு கிரிப்டோவில் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

ஒரு புது காயின், அதை வாங்கி விற்க ஒரு ஆப். பையனின் காலேஜ் ஃபீஸுக்குச் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டேன். ஆப்பில் அது மூன்று மடங்காகத் தெரிந்தது. எடுக்கப் போனால், முதலில் டாக்ஸ் கட்டினால்தான் பணம் ரிலீஸ் ஆகும் என்றார்கள்.

படித்தவள்தான். ஐடியில் இருப்பவள்தான். எப்படி ஏமாந்தாய் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அந்த ஆப் கம்பெனி மேனேஜர் போனில் தமிழ் பேசினான். சொந்த ஊர் எது என்று கேட்டான். விருதுநகர் பக்கம் என்றேன்.

"அட, நானும் அந்தப் பக்கந்தாங்க மேடம்!"

அவ்வளவுதான், உருகிவிட்டேன். நாங்கள் மூன்று தலைமுறையாக செகந்திராபாத். விருதுநகரை நான் பார்த்ததே இரண்டு தடவை, இரண்டும் யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு.

டாக்ஸ் கட்ட வீட்டை அடமானம் வைப்பது என்று முடிவு செய்தேன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உழைத்துக் கட்டி என் பெயருக்கு எழுதி வைத்த வீடு. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அண்ணா கடைக்குப் போனேன்.

வாங்கியவர் மெஷினில் வைக்கவில்லை. "வீட்டுப் பத்திரம் மேடம் இது. எதுக்கு?"

"லோனுக்கு."

"லோன் எதுக்கு?"

"அது உங்களுக்கு எதுக்கு? கைக்கு?" என்று தமிழும் ஹைதராபாத் ஹிந்தியுமாகக் கத்திவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அந்த மேனேஜர் கூப்பிட்டான். என் போனில் சத்தம் எப்போதும் அதிகம், கடை முழுக்கக் கேட்டது. "மேடம், இன்னைக்கு டாக்ஸ் கட்டிட்டா நாளைக்கே முழு அமௌண்ட்டும் உங்க அக்கவுண்ட்ல இருக்கும்..."

அண்ணா முகம் மாறிவிட்டது. போனைப் பிடுங்கி கட் செய்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"எந்த ஊருன்னு சொன்னான்?"

"விருதுநகர் பக்கம்..."

"எங்கிட்ட கடலூர்னான்." அண்ணாவின் குடும்பத்துக்குப் பூர்வீகம் கடலூர்.

தன் போனைத் திறந்து காட்டினார். அதே ஆப். பச்சை நிறத்தில் அதே மாதிரி பெரிய லாபம். புது மெஷின் வாங்க வைத்திருந்தது, சேமிப்பு, எல்லாவற்றையும் போட்டிருந்தார். எடுப்பதற்கு டாக்ஸும் கட்டியிருந்தார், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு டாக்ஸின் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

"நக்கோ மேடம்... வேணாம். நான் முட்டாளானது போதும். வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது."

ஏரியாவையே அதட்டும் மனிதர்... பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை என்னைத் தடுப்பதற்காகச் சொன்னார்.

பத்திரத்தைத் திரும்பக் கொடுத்து, "இன்னைக்கே வீட்ல சொல்லிடுங்க" என்றார். "நீங்க சொன்னா நானும் சொல்றேன்" என்றேன். ஷட்டரை மறுபடி ஏற்றிக்கொண்டே, "சரி" என்றார்.

மறுநாள் காலை போன். "சொல்லிட்டேன் மேடம். ரெண்டு மணி நேரம் திட்டினா. அப்புறம் தோசை ஊத்தினா. உங்க வீட்ல?"

"திட்டு மட்டும்தான் அண்ணா. தோசை வரல."

சிரித்தார். நானும் சிரித்தேன். பல வாரம் கழித்து வந்த சிரிப்பு அது.

இரண்டு பேருமாகப் போய் சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அந்த ஆப்பே திறக்கவில்லை. போட்ட பணம் போனது போனதுதான். புகாருக்கு எடுத்த காப்பிகளுக்கு அண்ணா என்னிடம் காசு வாங்கிக்கொண்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். "நட்பு வேற, டோனர் வேற மேடம்."

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி மல்லிகா அக்காவிடம் அதற்கு முன் பேசியதில்லை. அன்றைக்குப் பத்திரத்தோடு கடைக்கு வந்தவள் நான்தான் என்றேன். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? நாலு மாசமா வீட்ல வாயே தொறக்காம இருந்தாரும்மா. எனக்கு பயமா இருந்துச்சு. அன்னைக்குத்தான் உக்காந்து அழுதாரு. அதுக்கப்புறம்தான் பழைய மனுஷனா திரும்பி வந்தாரு."

நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். பிடித்த கையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது, "அண்ணாவைப் பத்தி எழுதலாமா அக்கா? பேர் போடாம எழுதறேன்" என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேர் போட்டே எழுதுங்க. அவர் வெக்கப்பட்டது போதும்."

தயாளன் அண்ணா... அப்பா கட்டிய வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நன்றி அண்ணா.