ஒரு கைப்பிடி கார்

அறிவிப்பை எழுதியவர் எங்கள் பழைய கார் சங்கத்தின் செயலாளர். தஞ்சாவூரில் பல் டாக்டர். பேஷண்ட் இல்லாத நேரத்தில் ஷெட்டில் நிற்கும் தன் பழைய வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். எதையும் நல்ல தமிழில் எழுத வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 'மகிழுந்து' என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நாங்கள் கெஞ்சியதால் 'கார்' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுக்கொடுத்தார். மற்றதெல்லாம் அவர் இஷ்டம்.

"உங்கள் வீட்டில் இருப்பது என்ன ரகக் கார்? எவ்வளவு பழைய கார் ஆனாலும் அடையாளம் சொல்கிறோம். முழுவதும் கொண்டுவர வேண்டாம். ஒரு கைப்பிடி போதும்."

அவர் சொன்னது கதவுக் கைப்பிடியை. அது போதும் என்பது உண்மையும்கூட. நான் மெக்கானிக்கல் படித்தவள். சங்கத்தில் உதிரி பாகங்களை அடையாளம் காண்பது என் பொறுப்பு. அதற்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன்: முதலில் எடை, பிறகு வார்ப்பு எண், பிறகு திருகின் மரை, கடைசியாக, மேல் பெயின்டைச் சுரண்டி அடியில் இருக்கும் முதல் நிறம். இந்த நான்கையும் பார்த்தால் ஒரு கைப்பிடியே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடும்.

அறிவிப்பு எப்படியோ பாரம்பரிய நெல் பயிரிடுகிறவர்களின் வாட்ஸப் குழுக்களுக்குப் போய்விட்டது. அங்கே கார் என்றால் நெல். பூங்கார், குள்ளக்கார் என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் பம்பருக்கும் ஹார்னுக்கும் காத்திருந்தோம். மஞ்சள் பையிலும் தூக்குவாளியிலும் மருந்துக்கடைக் கவரிலும் நெல் வந்தது. நான் பதறவில்லை. இரும்பு ஒரு வரிசை, நெல் ஒரு வரிசை என்று பிரித்தேன். இரும்பு வரிசையில் ஒரே ஒருவர் நின்றார், நாகூரிலிருந்து ஹெட்லைட்டோடு வந்தவர். சுற்றிலும் பார்த்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போல அதைத் துண்டால் மூடிக்கொண்டார்.

டாக்டர் மன்னிப்புக் கேட்கப் போனார். முன்னால் நின்ற பெரியவர் விடவில்லை.

"கார்னு போட்டிருக்கீங்கள்ல?"

"போட்டிருக்கோம்."

"ரகம்னு?"

"ஆமா."

"ஒரு கைப்பிடின்னு?"

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்புறம் என்னங்க, ஆரம்பிங்க."

விளக்கிச் சொன்னதும் பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் தங்களுக்குள் விதை மாற்றிக்கொண்டார்கள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள் மட்டும் என் மேஜையை விட்டு நகரவில்லை. மூத்தவர், இளையவருடைய கணவரின் அக்கா. பஸ் காசு செலவு பண்ணி வந்தவர்களை இப்படித்தான் அனுப்புவதா என்று மூத்தவர் டாக்டரைப் பிடித்துக்கொண்ட நேரத்தில், இளையவர் என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, இது எங்க அண்ணி கொடுத்த விதை. அசல் கார், மூணு மாசத்துல அறுத்துடலாம், அரிசி செவசெவன்னு இருக்கும்ங்கிறாங்க. நான் நாலு நெல்லை உரிச்சுப் பாத்துட்டேன். கலப்பு. பள்ளத்து வயல்ல இதைப் போட்டா பாதி விளைஞ்சு நிக்கும், பாதி பச்சையா நிக்கும். ஐப்பசி மழை வந்து மொத்தத்தையும் முழுக்கிடும். இன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் ஊறப் போடப்போறாரு."

"அவர்கிட்ட சொல்லலியா?"

"நான் சொன்னா அவரு அக்காவைக் குத்தம் சொன்னதா ஆயிடும். நீங்க சொல்லுங்க."

"அக்கா, நாங்க வண்டிக்காரங்க."

"இருக்கட்டுமே. கார்னுதானே போட்டிருக்கீங்க?"

நான் என் நான்கு சோதனைகளை எடுத்துக்கொண்டேன். எடை பயன்படாது. வார்ப்பு எண் இல்லை. மரை இல்லை. மேல் பெயின்டைச் சுரண்டுவது மட்டும் மிஞ்சியது. நெல்லுக்கு உமிதான் மேல் பெயின்ட்.

டாக்டர் தன் வண்டியிலிருந்து பற்களைக் குடையும் ஊசியையும், நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியையும் கொண்டுவந்தார். சமையல்காரரிடம் ஒரு வாழையிலை வாங்கினோம். டாக்டர் ஒவ்வொரு நெல்லாக உமியைப் பிரித்துக் கொடுக்க, சிவப்பை இடப்பக்கமும் வெள்ளையை வலப்பக்கமும் வைத்தேன். ஒரு நெல்லைப் பிடித்துக்கொண்டு பழக்கத்தில் "வாயை நல்லாத் திறங்க" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தார். ஹெட்லைட்காரர் ஹெட்லைட்டைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

வெள்ளைப் பக்கமும் நிறைந்துகொண்டே போனது. மூத்தவரின் முகம் மாறியது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உன் வண்டி அசல் இல்லை என்று உரிமையாளரின் முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லப் போய் வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, சங்கத்தில் மூத்த உறுப்பினரான அரிசி ஆலைக்காரர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு வண்டியோட நல்ல பாகமெல்லாம் இதுல ஒண்ணா சேர்ந்திருக்குங்க."

"என் விதை கலப்படம்ங்கிறீங்களா?" மூத்தவர் எழுந்துவிட்டார். "வாயில அரிசியை வச்சுக்கிட்டுச் சொல்லாதீங்க, நேராச் சொல்லுங்க!"

"ரெண்டு ரகம் இருக்குங்க," என்றேன். "இலையிலேயே தெரியுது. இது ஒரே கார் இல்ல."

"யாரு கலந்தா? நானா?"

"நீங்க இல்லீங்க," என்றார் ஆலைக்காரர். யாராவது மட்டமான வண்டியைக் கொண்டுவந்தால் நாங்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "முந்தின ஓனர் செஞ்ச வேலை."

மூத்தவர் இலையைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"கும்பகோணத்துக்காரன்! விதைத் திருவிழாவுல என் கையில அள்ளிக் கொடுத்துட்டு, பிள்ளை மாதிரி பாத்துக்கங்கன்னானே, படுபாவி!"

அவரே போனை எடுத்தார். "தம்பி, அந்தக் காரை ஊறப் போடாதே. பள்ளத்து வயலுக்குப் போன வருஷம் போட்டதையே போடு... நான் சொல்றேன், போடாதே. தஞ்சாவூர்ல டாக்டரே உரிச்சுப் பாத்துட்டாரு... என்ன டாக்டரா? பல்லு டாக்டரு. பல்லுல சொத்தை கண்டுபிடிக்கிறவருக்கு நெல்லுல தெரியாதாடா?"

டாக்டர் பூதக்கண்ணாடியைக் கழற்றாமல் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

"அப்ப வீட்டுல இருக்கிற மூட்டையை என்ன பண்றது அண்ணி?" என்று இளையவர் கேட்டார்.

"ஓட்டலாம்ங்க," என்றார் ஆலைக்காரர், மறுபடியும் வண்டிப் பேச்சில். "போட்டிக்கு மட்டும் கொண்டுபோக முடியாது."

மூத்தவர் அவரை முறைத்துவிட்டு இளையவர் பக்கம் திரும்பினார். "அரைச்சுக் கஞ்சி வை. கருவாடு இருந்தா வறு. நானும் வர்றேன்."

"சரிங்க அண்ணி," என்றார் இளையவர், முகத்தில் எதையும் காட்டாமல்.