கடல் தாண்டுமட்டும் சொல்லாதை

வருத்தமாக் கிடந்த அண்ணனைப் பாக்கவெண்டு அம்மா கனடாவில இருந்து போற பிளேனுக்குள்ள இருக்கேக்கதான் அவர், என்ர மாமா, செத்தவர். நெடுந்தீவில இருந்து மாமான்ர மகன், என்ர மச்சான், எனக்குப் போன் அடிச்சான்.

"அப்பா போட்டார்ரா. மாமிக்கு இப்ப சொல்லாதை. அவ கடல் தாண்டுமட்டும் சொல்லாதை."

என்ர அம்மாதான் அவனுக்கு மாமி. எங்கட ஆக்கள் வழியில நிக்கிற ஆளுக்குச் சாவு சொல்லுறேல்லை. 'கொஞ்சம் கடுமை, கெதியா வா' எண்டுதான் சொல்லுறது. அம்மாக்குப் பிரசர் வேற. தனியத்தான் போறா. என்ர பாஸ்போர்ட் முடிஞ்சு கிடந்தது, பஞ்சியில புதுப்பிக்காமலே விட்டிட்டன்.

"நீதான்ரா சரியான ஆள். வாயைத் திறந்தாலே பொய்" எண்டான். பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு 'மெர்சி', போதும் எண்டு சொன்ன எனக்கு, குடும்பம் தந்த முதல் உத்தியோகம் இது.

பொய் எனக்கு லேசு. நேரம்தான் பயம். தீவில உடம்பைக் கனநேரம் வச்சிருக்கேலாது, அடுத்தநாள் பின்னேரத்துக்கு முதல் எடுக்கோணும். அம்மா கட்டுநாயக்காவில இறங்கி, இரவு முழுக்க வான் வண்டியில இருந்து யாழ்ப்பாணம் போய், பஸ்ஸில குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், முதல் படகைப் பிடிக்கோணும். காத்து எழும்பிட்டுது, ரெண்டாம் படகு ஓடாதெண்டு மச்சான் சொன்னான். முதல் படகை விட்டா அண்ணன்ர முகம் இல்லை.

ஏயார்போட்டால வெளிய வந்த உடன அம்மா போன் எடுத்தா.

"அண்ணைக்கு எப்பிடியாம்?"

"உங்கட சமையலுக்குப் பயந்து கண்ணை முழிக்கிறாரில்லையாம்."

அவ சிரிச்சா.

அடுத்த போன் வரேக்க நான் சென்ட் லோரன்ட் வெயார்ஹவுஸில மருந்துப் பெட்டி அடுக்கிக்கொண்டு நிண்டன். வெளிய ஸ்னோ. ஊரில விடியப்போகுது. யாழ்ப்பாணம் போற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிட்ட நிண்டு தேங்காய் உடைக்காமல் போகாது. அம்மா அண்ணனுக்கெண்டு நேர்ந்து உடைச்சிருக்கிறா.

"தம்பி, தேங்காய் அழுகலடா. உள்ளுக்கு ஒரே கறுப்பு."

"கனடாக்காரியெண்டு கண்டிட்டுப் கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டிருக்கிறான்."

இந்தமுறை சிரிக்கேல்லை. "நீ வேலையில நிண்டா ஒருநாளும் போன் எடுக்கமாட்டியே. இண்டைக்கு மணி அடிக்க முதல் எடுக்கிறாய்?"

"மனேஜருக்கு என்னில லவ் அம்மா."

"ம்."

அந்த 'ம்' எனக்குப் பிடிக்கேல்லை.

பேந்து பஸ்ஸுக்குள்ள இருந்து எடுத்தா. புங்குடுதீவுப் பாலத்தில போறாவாம், ரெண்டு பக்கமும் கடல், தண்ணி றோட்டுக்கு மேல அடிக்குதாம். அண்ணனைப் பற்றிக் கேக்கேல்லை. நான் பகிடிக்கு நீந்தப் பழகச் சொன்னன். காத்துத்தான் போனுக்குள்ள இரைஞ்சுது.

கடைசியா இறங்குதுறையில இருந்து.

"படகு வெளிக்கிடுற நேரம் எப்பவோ போட்டுதாம். எனக்காக நிப்பாட்டி வச்சிருக்கிறாங்கள். ஆரோ ஒருத்தன் கேளாமலே பையை வாங்கிக்கொண்டு போறான். நல்ல இடம் விட்டிருக்கினம். ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கினமில்லையடா."

அந்தப் படகு ஆருக்கும் நிண்டதா நான் கேள்விப்பட்டதில்லை. என்னட்டப் பகிடி எப்பவும் சட்டைப்பையில கிடக்கும். தேடினன், ஒண்டும் அம்பிடேல்லை.

"எடுத்துப்போட்டாங்களோ?" எண்டா அம்மா, மெதுவா.

"இல்லையம்மா. நீங்கள் வருமட்டும் வச்சிருக்கினம்."

"அப்ப சரி. நான் ஏறுறன்."

எஞ்சின் சத்தம் கேட்டுது. பேந்து லைன் அறுந்துபோச்சு.

நடுக்கடலில சிக்னல் இல்லை. நான் திருப்பித் திருப்பி அடிச்சன். ஒரு மனிசி பிரசரோட, சாவை இப்பத்தான் கேட்டு, அந்தக் காத்துக்குள்ள. சொல்லாமல் விட்டிருக்கலாமோ எண்டு மச்சானைக் கேட்டன். அவன் "இஞ்ச இருந்து பாத்தா படகு தெரியேல்லை" எண்டு மட்டும் சொன்னான். சுப்பர்வைசர் பிரெஞ்சில ஏதோ கத்தினான். எனக்குக் காதில விழேல்லை.

கனநேரத்தால மச்சான்ர நம்பர் வந்துது. அவன் போனைச் சும்மா நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். "என்ர அண்ணை" எண்டு அம்மா குழறுற சத்தம் கேட்டுது.

பெட்டிக்கு மேல இருந்திட்டன். என்ர அம்மா அழுறதைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது அண்டைக்குத்தான்.