எண்ணம் சுத்தமானவர்

என் சித்தப்பா ஃபிட்டர். தகரத்தில் டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பதினோரு பிரஸ் மெஷின்களையும் இருபத்தாறு வருடமாக அவர்தான் பார்த்துக்கொண்டார். கிரீஸ் கையால் வழுக்கையைத் தடவிக்கொள்வார். தலையும் ஒரு மெஷின் பாகம் போலவே மின்னும். எது நடந்தாலும் அவரிடம் ஒரே விளக்கம்: செய்ததைப் பார்க்காதே, என்ன நினைத்துச் செய்தாய் என்று பார். எண்ணம் சுத்தமாக இருந்தால் வினை ஒட்டாது. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூடச் சித்தியிடம், என்ன நினைத்துக்கொண்டு அடுப்பில் வைத்தாய் என்றுதான் கேட்பார்.

பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு பொத்தானைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கை மிச்சம். அது தகட்டை நகர்த்தலாம், ஷிப்டுக்கு இருநூறு மூடி கூடும். இது மேனேஜர் உட்பட எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. கேட்பவர்களுக்குச் சித்தப்பா கட்டிக் கொடுப்பார். அதற்கு ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஓர் அக்கா இருந்தார். புருஷன் விட்டுப் போனவர், இரண்டு பெண் பிள்ளைகள், யாருக்கும் அடங்காத வாய். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சித்தப்பா எண்ணத்தைப் பற்றி ஆரம்பித்ததும், டிபன் பாக்ஸை மூடியபடியே அக்கா சொன்னார்: "அண்ணே நட்டு முடுக்கும்போதும் இதே உபதேசம்தான். அது தாங்காமத்தான் நட்டு தானா கழண்டு ஓடுது."

சாப்பாட்டு அறையே புரையேறிச் சிரித்தது. மறுநாளிலிருந்து சித்தப்பாவுக்குப் பெயர் சாமி. ஒரு மாதத்தில் மேனேஜரே அப்படிக் கூப்பிட்டார். சித்தப்பாவும் கூடச் சிரித்தார். ஆனால் அக்கா கேலி செய்த அன்று இரவு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார் என்று சித்தி சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்து, நாலாம் நம்பர் ஒரு காலையில் யாரும் தொடாமலே இரண்டாவது தடவை இறங்கியதைச் சித்தப்பா பார்த்தார். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மெஷினை நிறுத்திச் சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும். அட்டையை எடுக்கப் போனவரை வழியில் அக்கா மறித்து, "சாமி, எனக்கும் ஒரு கட்டு போட்டு விடேன்" என்றார். சித்தப்பா திரும்பி வந்து டியூபைக் கட்டிவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. வாக்குமூலங்களை டைப் அடித்தது, அதே கம்பெனி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான். எங்கள் ஊரில், எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒரு பிழை விழாமல் அடிப்பேன் என்ற கர்வமும் உண்டு. மெஷினில் கோளாறு என்றால் பொறுப்பு கம்பெனியுடையது, அக்காவுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேறு வேலை தந்தாக வேண்டும். கோளாறு இல்லையென்றால் விதிமீறல்: கட்டியவருக்கு எச்சரிக்கைக் கடிதம், கட்டச் சொன்னவருக்கு வேலை இல்லை.

அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தானேதான் கேட்டதாகவும், அண்ணன் மேல் தப்பில்லை என்றும், இது தன் கர்மம் என்றும் சொன்னார். மேனேஜர் சித்தப்பாவைப் பார்த்தார்.

"மெஷின் எப்படி இருந்துச்சு?"

சித்தப்பா தலையைத் தடவிக்கொண்டார். "நல்லாத்தான் இருந்துச்சு சார்."

அடித்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவராகவே எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். ஸ்பிரிங், அட்டை, எல்லாம். பிறகு கேட்டார்: "விரல் போகணும்னு நெனைக்கலடா. ஒரு தடவ திடுக்குனு ஆகட்டும், வாய் அடங்கட்டும்னுதான் நெனச்சேன். நீ படிச்சவன், சொல்லு. அவ்வளவு சின்ன நெனப்புக்கு இவ்வளவா?"

கையெழுத்து நாளை பத்து மணிக்குத்தான், மாற்றிச் சொன்னால் மாற்றி அடித்துவிடலாம் என்றேன். நாலு எழுத்து படித்துவிட்டால் சித்தப்பனுக்கே நீதி சொல்ல வந்துவிடுவாயா, இந்த வேலையை யார் வாங்கித் தந்தது என்று கேட்டார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

மறுநாள் அக்காவால் பேனா பிடிக்க முடியவில்லை. சித்தப்பாதான் மைப்பெட்டியைத் திறந்து, அக்காவின் இடது கட்டைவிரலைப் பிடித்து உருட்டி வைத்தார். பிறகு தன் துண்டாலேயே மையைத் துடைத்துவிட்டார்.

"இந்தக் கம்பெனில மனுஷன்னா நீங்க ஒருத்தர்தாண்ணே" என்று அக்கா அழுதார். அதற்குப் பிறகு அக்காவைக் கம்பெனிக்குள் விடவில்லை.

சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயில்லை, விபத்தில்லை, அடுத்த வருடம் ஃபோர்மேன் ஆனார். அவருக்கு நடந்தது வேறு. முதலில் யாராவது கேட்டால் மட்டும் சொன்னார். பிறகு கேட்காதவர்களிடமும் சொன்னார். பாவம், நல்லது நினைத்துக் கட்டினேன், அவள் தலையெழுத்து. சொல்லச் சொல்ல அவர் குரலில் இருந்த தடுக்கல் கரைந்துபோனது.

போன மாதம் உறவினர் வீட்டில் பத்துப் பேர் நடுவே அதையே சொல்லிக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார். கண்ணில் துளி பயம் இல்லை. பஸ் நிறுத்தம் அவர் நினைவிலேயே இல்லை.

"மெஷின் நல்லாத்தானேடா இருந்துச்சு?"

"ஆமா சித்தப்பா" என்றேன்.