உங்க லீவு எப்ப முடியுதுங்க?

1999-ஆம் வருடம், சாமை அறுவடை முடிந்த சமயம். அப்போது நான் சேந்தமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்கு போனஸ், குடியிருக்க மில் குவார்ட்டர்ஸ். பதினோரு வருட சர்வீஸ். நான், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், எல்லோரும் அந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தோம்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு மோட்டார் ரிப்பேருக்காகக் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்குப் போயிருந்தேன்; அங்கே சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பெண்கள் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். சாமையில் உமி லேசில் போகாது. நெல் மிஷினில் போட்டால் நொறுங்கிவிடும். எனக்குக் கை பரபரத்தது. பழைய மிஷின் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அரிசி உடையாமல் உமி மட்டும் போகிற மாதிரி மாற்றினேன். அன்று எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சம் அல்ல.

ஆனாலும் வேலையை விடத் தைரியம் இல்லை. இரண்டு மாதம் சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறி, ஒரு கொட்டகையில் மிஷினை மாட்டினேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அதையும் ஏதோ சாமர்த்தியம் போல, "சரிப்படலைன்னா லீவு முடிஞ்சதும் வேலைக்குப் போயிடுவேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து மெச்சியது. மூட்டை மட்டும் வரவில்லை. ஒரு வாரம் இலவசமாக அரைத்துத் தருகிறேன் என்றேன். அதற்கும் யாரும் அசையவில்லை. ஒரு மாதம் முழுக்க ஈ ஓட்டினேன். எதிர் வீட்டு உலக்கைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்த எதிர் வீட்டு அம்மாளிடமே, மிஷினில் என்ன குறை என்று கேட்டுவிட்டேன்.

"மிசினுக்கு ஒரு கொறையும் இல்லீங்க பாய். உங்க லீவு எப்ப முடியுதுங்க?"

இன்னும் ஒரு மாதம் இருப்பதாகச் சொன்னேன்.

"அப்பறம் நீங்க கெளம்பிட்டா நாங்க என்னங்க பண்றது? ஒருக்கா மிசின்ல போட்டுப் பழகிட்டா, எம் மருமவ மறுக்கா ஒலக்கையத் தொடுவாளாங்க?"

உரலடியில் நின்ற மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைக்காரர்களுக்குப் புதுசு பிடிக்காது என்று ஒரு மாதமாக மனதுக்குள் திட்டியது நான்தானே?

அன்றே இறங்கி வந்து மனைவியிடம் சொன்னேன். ராஜினாமா என்றால் குவார்ட்டர்ஸும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, "புடிக்கலைன்னா திரும்பிப் போயிடுவேன்னு சொல்ற மாப்பிள்ளைக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க?" என்றாள்.

மறுநாள் மில்லுக்குப் போய் ராஜினாமா எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை, "யோசிச்சுத்தான் எழுதறீங்களா?" என்று கேட்டார். யோசித்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வார முடிவில் பீரோ, பாத்திரம், பிள்ளைகளோடு ஜீப்பில் மலையேறினோம். யாராவது சந்தேகப்பட்டால் காட்டலாம் என்று, வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஜீப்பிலிருந்து பீரோ இறங்குவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அடுப்பு மூட்டுவதற்குள் எதிர் வீட்டு மருமகள் தலையில் மூட்டையோடு வந்து நின்றாள். "பாய், மொத மூட்ட எங்களுதுங்க" என்று பின்னாலேயே மாமியார். சாயங்காலத்துக்குள் கொட்டகை வாசலில் நடக்க இடமில்லை. இன்ஜின் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

அடுத்த அறுவடைக்குக் குண்டனி நாட்டிலிருந்தும் மூட்டைகள் வந்தன. மறு வருடம் அங்கேயும் ஒரு மிஷின் போட்டேன்.

சாமையை உடையாமல் உரித்தது என் கைத்திறமை என்று இன்றும் மார்தட்டிக்கொள்வேன். ஆனால் திரும்பிப் போக வழி வைத்திருப்பவனை நம்பி எவரும் தன் உலக்கையைக் கீழே வைக்கமாட்டார் என்பதை எனக்குப் புரியவைத்தது, அந்த அம்மாள் கேட்ட ஒரே கேள்விதான்.